பண்பாட்டு மௌனம்

என் கணவர் கலைவாணன் மற்றவர்களின் மகிழ்ச்சியை அளப்பவர். அதற்குச் சம்பளம் உண்டு. லாஸ்பேட்டையில் ஒரு வங்கிக் கிளைக்கு மேல்மாடியில் அவருடைய ஆய்வு மையம் இருக்கிறது. பண்பாடு, மோதல், நல்வாழ்வு என்று மூன்று சொற்களைப் பெயர்ப்பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். வங்கிக்கு வரும் பென்ஷன்காரர்கள் நல்வாழ்வு என்பதை மட்டும் படித்துவிட்டு, ஏதோ ஆஸ்பத்திரி போலிருக்கிறது என்று மூச்சு வாங்க மாடியேறி வந்து பிரஷர் பார்க்கச் சொல்வார்கள். அவர்களையும் சும்மா அனுப்புவதில்லை. உட்கார வைத்து, "உங்க வாழ்க்கைத் திருப்திக்கு ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகுதான் விடுவார்கள்.

இதே கேள்வியோடு மாணவர்கள் ஸ்கூட்டரில் கடலோரக் குப்பங்களுக்கும் போவார்கள். ஒரு தடவை கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "எத்தினி சொன்னா கல்வீடு குடுப்பீங்க?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். என் கணவர் அதை வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் 'எதிர்கால நம்பிக்கை' என்ற தலைப்பின் கீழ் வாசித்துக் கைதட்டு வாங்கி வந்தார்.

நான் நிர்மலா. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முத்தியால்பேட்டையில் நாங்கள் இருந்த வீடு, என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்து கட்டியது. சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். கலைவாணன் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். அதைவிட்டால் வாய் நிறையச் சொற்கள். "மாப்பிள்ள நல்லா பேசறாரு. எதப்பத்தின்னுதான் வெளங்கல" என்றார் அப்பா. அப்போது எனக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது.

கலைவாணனைப் பெரிய ஆளாக்கியது தாழைக்குப்பம். தவளக்குப்பம் கூட்டு ரோட்டைத் தாண்டிக் கிழக்கே திரும்பி, சவுக்குத் தோப்புக்குள் போனால் வருகிற மீனவ கிராமம். கல்யாணமான புதிதில் நான் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு அவரோடு அங்கே போய் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன். ஊர்ப் பஞ்சாயத்தார் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு ஒதுக்கிக் கொடுத்தார்கள். தினம் யாராவது மீன் கொண்டுவந்து கொடுப்பார்கள். என் கணவர் அதை வாங்கிக்கொண்டு, சண்டை சச்சரவுகளை ஊர் எப்படித் தீர்த்துக்கொள்கிறது என்று ஆராய்ச்சி செய்தார். காலையில் கரையில் நின்று பார்ப்பார். மத்தியானம் தூங்குவார். சாயங்காலம் எழுதுவார்.

எங்கள் வீட்டுக்கு எதிரே கண்ணையனும் அவன் மனைவி தில்லையம்மாளும் இருந்தார்கள். இரண்டு வயதில் ஒரு பையன், சரத்குமார். தில்லைக்கு என்னைவிட வயது குறைவு. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. எனக்கு மீன் ஆயக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான். நான் ஆய்ந்த லட்சணத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடைசியில் அவளே வாங்கி ஆய்ந்து கொடுத்துவிடுவாள்.

ஒருநாள் கண்ணையனின் வலையை யாரோ அறுத்துப் போட்டுவிட்டார்கள். யார் என்று ஊருக்கே தெரியும், அப்போதைய தலைவரின் தம்பிதான். கண்ணையன் பஞ்சாயத்தில் சொன்னான். அவர்கள் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே நாளைத் தள்ளினார்கள். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போனான். அன்று மாலையே கோயில் வாசலில் ஊர் கூடி, கண்ணையன் குடும்பத்தைத் தள்ளி வைப்பதாக அறிவித்தது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. கடையில் தீப்பெட்டிகூடக் கொடுக்கக் கூடாது. படகைத் தண்ணீரில் இறக்க ஒருவரும் கை கொடுக்கக் கூடாது. அவன் மீனைக் கரையில் ஏலம் விடக் கூடாது. பேசக் கூடாது. மீறிப் பேசினவர்களுக்கும் அதே கதி.

நான் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறமாக ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்த் தில்லையிடம் கொடுத்தேன். கலைவாணன் பதறிப்போனார்.

"நீ செய்யறது என்னோட ஆய்வையே கெடுத்துடும், தெரியுமா?"

"தண்ணி குடுத்தா கெட்டுப்போற ஆய்வா?"

"நான் இங்க பார்க்க வந்தவன், நிர்மலா. தலையிட வந்தவன் இல்ல. ஒரு பண்பாடு தன்னைத் தானே சரி பண்ணிக்கற வழி இது. நமக்குப் புரியலன்னா தப்புன்னு ஆயிடாது."

இப்படித்தான் பேசுவார். புரியாதபோது நமக்குத்தான் அறிவு போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும் வயது எனக்கு.

அடுத்த மாதம் ஒரு மத்தியான வேளையில் தில்லைக்கு வலி கண்டது. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஊரில் ஏலம் எடுக்காத மீனை விற்கக் கண்ணையன் கடலூருக்குப் போயிருந்தான். அவள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தல் தெருக்கோடி வரை கேட்டது. ஒரு கதவு திறக்கவில்லை. பிரசவம் பார்க்கத் தெரிந்த கிழவி இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அவளும் வரவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். புடவை முழுக்க ரத்தம். திரும்ப ஓடி வந்து, கலைவாணனிடம் ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன்.

அன்று அவர் தூங்காமல் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார். எழுந்திருக்கவில்லை.

"நாம ஏத்திட்டுப் போனா நம்மளயும் தள்ளி வெச்சுடுவாங்க. அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தர்கூட என்கிட்ட வாயத் தெறக்க மாட்டாங்க. கொஞ்சம் யோசி."

"அவ செத்துடுவா."

"கண்ணையன் வந்துடுவான். எமோஷனலா எடுக்கற முடிவு எப்பவுமே..."

முழுவதும் கேட்க நான் அங்கே நிற்கவில்லை. தில்லையின் கையை என் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். மற்றொரு கையில் சரத்குமார். சவுக்குத் தோப்பு முனையில் நாலைந்து ஆண்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் உயரமாக, திடமாக இருந்தவன் பஞ்சநாதன். அப்போது இளவட்டம். "டீச்சரம்மா, ஊர் கட்டுப்பாடு. நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றான். நான் பையனை இறக்கிவிட்டு, தில்லையை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் அவனை மார்பில் தள்ளினேன். அவன் மணலில் சாய்ந்தான். எழுந்து என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. நான் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

கடலூர் ரோட்டில் இளநீர் ஏற்றிவந்த டெம்போ நின்றது. டிரைவர் காய்களை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தான். ஆஸ்பத்திரியில் தில்லையைக் காப்பாற்றினார்கள். பெண் குழந்தை. செத்துப் பிறந்தது.

அடுத்த நாள் நான் திரும்பி வந்தபோது என் கணவர் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார். குழந்தையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "வழியில யாராவது உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா? ஊர்ல எப்படி எடுத்துக்கிட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

அன்றே விட்டுப் போயிருக்கலாமே என்று பிற்பாடு என் தங்கைகூடக் கேட்டாள். எங்கே போவது? வீடு என்னுடையது. வேலை என்னுடையது. போக வேண்டியவர் அவர். அவரோ போகிற ரகம் இல்லை. வெறுத்துக்கொண்டு ஒரு ஆளோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம், உடம்பு இளைத்துவிடும். மதிப்பே இல்லாத ஆளோடு நடத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. காபி கொடுக்கலாம், சட்டை இஸ்திரி போடலாம், கல்யாணங்களுக்குச் சேர்ந்து போகலாம். நாம் உண்மையில் அங்கே இருக்க வேண்டியதில்லை. எனக்கு அப்படியே காலம் ஓடியது.

அந்த ஊரைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது, பிறகு தமிழிலும் வந்தது. தள்ளி வைத்ததை அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குப் 'பண்பாட்டு மௌனம்' என்று பெயர் சூட்டி, ஒரு தனி அத்தியாயமே எழுதியிருந்தார். மோதலில் ஈடுபட்டவர்களிடம் கொஞ்ச காலம் பேச்சைக் குறைத்துக்கொள்வதன் மூலம் ஊர் சூட்டைத் தணித்துக்கொள்கிறதாம். அதனால்தான் அங்கே நல்வாழ்வுக் குறியீடு நகரத்தைவிட அதிகமாம். இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு விருது கொடுத்தார்கள். ஜூரிகளில் ஒருவராவது குடத்தைத் தூக்கிக்கொண்டு தாழைக்குப்பத்துக் குழாயடிக்குப் போய்ப் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தில்லையம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே சரத்குமார். ஆள் நன்றாக வளர்ந்து, தாடி வைத்திருந்தான். கண்ணையன் மஞ்சள்காமாலையில் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. தில்லை தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள் என்பதும், நான் அந்தப் பக்கம் போனால் அவளிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன் என்பதும் என் கணவருக்குத் தெரியாது. அவர் கேட்டதும் இல்லை.

வந்த விஷயம் இதுதான். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை போடுவது பற்றித் தாழைக்குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் நடுக்கடலில் சண்டை. தாழைக்குப்பத்துப் படகிலிருந்து யாரோ வீசிய இரும்புக் குண்டு பட்டு, பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவனுக்குக் கண் போய்விட்டது. சரத்குமார் அந்தப் படகில் இருந்தவன். போலீஸ் விசாரித்தபோது, வீசினது யார் என்று கேட்டதற்கு உள்ளபடி சொல்லிவிட்டான். வீசியவன் பஞ்சநாதனின் அண்ணன் மகன். பஞ்சநாதன்தான் இப்போது ஊர்த் தலைவர். அந்த வாரமே கோயில் வாசலில் ஊர் கூடியது. மறுபடியும் குழாய், கடை, ஏலம், எல்லாவற்றுக்கும் தடை.

இந்தத் தடவை தில்லை சும்மா இருக்கவில்லை. அரசாங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டாள். விசாரணைக்கு ஒரு அதிகாரியை நியமித்துவிட்டார்கள். பஞ்சாயத்தார் தரப்பில் வாதாட வந்த வக்கீல் ராமலிங்கம், என் கணவரின் புத்தகத்தை ஆதாரமாகக் கொடுத்திருந்தார். நிபுணர் என்று அவரையே சாட்சிக்கும் அழைத்திருந்தார்கள். கடிதம் வந்த நாளிலிருந்து என் கணவர் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றுகொண்டிருந்தார்.

"சார், என்ன ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டாள் தில்லை.

"ஞாபகம் இல்லாம என்ன? என் புத்தகத்துலயே நீங்க இருக்கீங்களே. பேரு மட்டும் மல்லிகான்னு மாத்தியிருக்கேன்."

"எதுக்கு மாத்துனீங்க?"

"உங்க பாதுகாப்புக்குத்தான்."

சரத்குமார் சிரித்தான். "எதிர் ஊட்டுக்காரி, புள்ள செத்துப் பொறந்துச்சுன்னு எழுதிட்டு, பேர மாத்துனா எங்க ஊர்ல யாருக்கு சார் தெரியாது?"

என் கணவர் அதைக் காதில் வாங்காத மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

தில்லை நேரே விஷயத்துக்கு வந்தாள். "நீங்க அங்க இருந்தீங்க சார். கண்ணால பாத்தீங்க. தண்ணி இல்லாம நாங்க கெடந்தது, எம் புள்ள போனது. அத்த மட்டும் அந்த ஆபீசரம்மாகிட்ட சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

"அது அவ்வளவு எளிமையான விஷயம் இல்லம்மா. நான் ஆய்வாளன். ஒரு பக்கமா சாய முடியாது."

"சாய வாணாம் சார். பாத்தத சொல்லுங்க."

"பார்க்கறதுங்கறதே ஒரு கோணம்தான். அதிகாரம்ங்கறது ஒரு எடத்துல இருக்கற பொருள் இல்ல. அது எல்லா எடத்துலயும் பரவி இருக்கு. உங்ககிட்டயும் இருக்கு."

"எங்க ஊர்ல அது பஞ்சநாதன் ஊட்டுல இருக்குது சார்" என்றான் சரத்குமார். "வேணும்னா வாங்க, காட்டறேன்."

தில்லை எழுந்துவிட்டாள். நான் கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவப் போனாள். நான் வாங்கி வைத்தேன். வாசல் வரை போனபோது என்னிடம், "வருவாரான்னு தெரியல, கேட்டுப் பாப்பம்னுதான் வந்தேன். நீங்க வந்து சாட்சி சொல்லுங்கன்னு கேக்க எனக்கு மனசு வரல" என்றாள்.  

விசாரணை தவளக்குப்பத்தில் ஓர் அரசுக் கட்டடத்தின் கூடத்தில் நடந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு என் கணவர் கார் ஓட்டுவதில்லை. நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். புதுக் கதர் ஜிப்பா போட்டிருந்தார். வழி முழுக்க, சமூக அறிவியலை அரசு கடைசியில் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியிருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

கூடத்தில் ஒரு பக்கம் வெள்ளை வேட்டிகளில் பஞ்சாயத்தார், நடுவில் பஞ்சநாதன். தலை நரைத்திருந்தது, முதுகு வளையவில்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து தலையை லேசாக அசைத்தார். மறுபக்கம் தில்லையும் சரத்குமாரும் மட்டும். விசாரணை அதிகாரி சின்ன வயதுப் பெண். அதிகம் பேசவில்லை. பேசினால் கேள்வியாகத்தான் பேசினார்.

வக்கீல் ராமலிங்கம் புத்தகத்தின் பகுதியைச் சத்தமாக வாசித்தார். சூட்டைத் தணிக்கும் மௌனம், நல்வாழ்வுக் குறியீடு, எல்லாம் வந்தது. என் கணவர் தன் வாசகங்களைத் தானே முதல் தடவை கேட்பவர் போல் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார்.

அதிகாரி கேட்டார்: "சார், நீங்க அங்க தங்கியிருந்தப்ப இவங்க குடும்பத்த ஊர்விலக்கு பண்ணாங்களா, இல்லையா?"

"ஊர்விலக்குங்கறது நாம வெளியிலேருந்து வைக்கற பேரு மேடம். அந்த மக்களோட பார்வையில..."

"தண்ணி பிடிக்க விட்டாங்களா?"

"தண்ணீர்ப் பகிர்வுல ஒரு குறியீட்டு ரீதியான இடைவெளி இருந்தது."

"அப்படின்னா? விட்டாங்களா, விடலையா?"

"அதை ஆமா, இல்லைன்னு சுருக்கினா அந்தப் பண்பாட்டுக்கு அநியாயம் பண்ற மாதிரி ஆயிடும்."

தில்லை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரத்குமார் மட்டும் என் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் போனவனுக்காகத் தன் ஊரையே எதிர்த்து உண்மையைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பையன் அவன்.

நான் எழுந்தேன். "மேடம், நானும் அங்க இருந்தேன். இவரோட மனைவி. தண்ணி பிடிக்க விடல" என்றேன்.

வக்கீல் ஆட்சேபித்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, என்னைச் சொல்லச் சொன்னார். குழாயை, கடையை, ஏலத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த மத்தியானத்தைச் சொன்னேன். ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லிக் கேட்டதையும், அவர் சொன்ன பதிலையும் சொன்னேன்.  வகுப்பில் பாடம் சொல்லுகிற குரல்தான் வந்தது.

என் கணவர் எழுந்து நின்றார். அவ்வளவு பேருக்கு முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தார், ரொம்பக் கனிவாக.

"மேடம், நிர்மலாவுக்கு அந்தச் சமயத்துல கர்ப்பம் கலைஞ்சுது. ரொம்ப மனசு உடைஞ்சு போயிருந்தா. அதிர்ச்சியில இருக்கறவங்களோட நினைவு சம்பவங்களக் கலந்துடும். இதுபத்தி நிறைய ஆய்வு வந்திருக்கு."

எனக்குக் கர்ப்பம் கலைந்தது முத்தியால்பேட்டைக்குத் திரும்பி வந்து ஒரு வருடம் கழித்து. ஆஸ்பத்திரிக்குக்கூட என்னை அழைத்துப் போனது அப்பாதான், இவர் சென்னையில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். அதை எடுத்து இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். இத்தனை வருடம் இந்த ஆளைப் பற்றி என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. இதற்கும் கீழே இறங்க மாட்டார் என்று. அது தப்பு என்று அங்கே நின்றபடி தெரிந்துகொண்டேன். 

பஞ்சநாதன் எழுந்தார். வக்கீல் அவர் மேல்துண்டைப் பிடித்து இழுத்தார். அவர் துண்டை உருவிக்கொண்டார்.

"மேடம், அந்தம்மா சொல்றது நெசம்."



"தோப்பு முனையில நாந்தான் மறிச்சேன். என்னத் தள்ளி உட்டுட்டுப் போனாங்க. எங்க ஊர் ஆம்பளங்க அத்தினி பேர் நின்னும் மறிக்க முடியல. அவங்க மேல எனக்கு அன்னிக்கும் மரியாதிதான், இன்னிக்கும் மரியாதிதான்."

"தலைவரே, உக்காருங்க" என்றார் வக்கீல்.

"இரு சார், பேசிடறேன். தள்ளி வெச்சோம் மேடம். அன்னிக்கும் வெச்சோம், இன்னிக்கும் வெச்சிருக்கோம். எங்க அப்பன், பாட்டன் காலத்துலேருந்து வெக்கிறோம். தப்புன்னா கேஸ் போடுங்க, வந்து நிக்கறேன். செஞ்சத செய்யலன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஆளு..." என்று என் கணவர் பக்கம் விரலை நீட்டினார். "நாங்க தண்ணி தர மாட்டோம்னு சொன்னத இவரு இடைவெளிங்கறாரு. பேசாதன்னு தண்டோரா போட்டத மௌனம்ங்கறாரு. நாங்க இவருக்கு ஊடு குடுத்தோம், மீன் குடுத்தோம். அன்னிக்கு அந்தப் பொண்ண தூக்கவும் துப்பில்ல, எங்கள எதுத்துக் கேக்கவும் துப்பில்ல. தாப்பா போட்டுகினு உள்ள குந்திகினு இருந்தாரு. மறுநா என்னத் தேடி வந்து, 'ஊருக்கு எம்மேல ஒண்ணும் கோவம் இல்லியே'ன்னு கேட்டாரு. எம் பக்கம் சாட்சி சொல்ல இப்படி ஒரு ஆளு எனக்கு வாணாம் மேடம்."

உட்கார்ந்துவிட்டார். வக்கீல் ராமலிங்கம் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். பஞ்சநாதனை நான் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்தைத் தண்ணீர் இல்லாமல் போட்டவர். ஆனால் அந்தக் கூடத்தில் என் கணவரைவிட அவர் ஒரு படி மேலே நின்றார். அதைவிடக் கேவலம் எந்த ஆணுக்கும் வேண்டாம்.

காரில் ஏறியதும், "நீ என்னை அவமானப்படுத்திட்ட" என்றார் என் கணவர். நான் வண்டியைக் கிளப்பினேன். நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்வரை ஜன்னல் வழியாகப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பி, "ஆனா பஞ்சநாதன் பேசினது ரொம்ப சுவாரசியமான தரவு. கவனிச்சியா?" என்றார்.

எனக்கு ஸ்டியரிங்கை விட்டுவிடலாம் போலிருந்தது.

அதிகாரி அறிக்கை கொடுத்தார். பஞ்சாயத்தார் மேல் வழக்குப் பதிவானது. போலீஸ் ஜீப்பில் வந்து குழாயடியில் நின்று தில்லைக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது, முதல் இரண்டு நாள். அப்புறம் அவளே பிடித்தாள். ஏலத்திலும் அவர்கள் மீனைச் சேர்த்துக்கொண்டார்கள். சரத்குமார் அந்தக் கரை வேண்டாம் என்று நோணாங்குப்பத்தில் சுற்றுலாப் படகு ஓட்டப் போய்விட்டான்.

கொஞ்ச நாள் கழித்து மார்க்கெட்டில் தில்லையைப் பார்த்தேன். "ஊர்ல பேசறாங்களா?" என்று கேட்டேன்.

"வெல கேக்கறாங்க. அதுக்கு மேல பேசலன்னா பேசாத போவட்டும். நான் இன்னா ஒறவாடவா போறேன்?" சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே, நிமிராமல் கேட்டாள்: "அந்த ஆளுக்கு இன்னுமா சோறு பொங்கிகினு இருக்கீங்க?"

வீட்டுக்கு வந்தால், என் கணவர் மேஜையில் ஒரு கட்டுரையை வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். 'களத்தில் நின்றவனின் குற்றவுணர்வு' என்று தலைப்பு. ஆங்கிலத்தில் வெளியாகி எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கிறார்களாம். பிரான்சிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அங்கே வாசிக்க, நான் அதைப் பிரெஞ்சில் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

உட்கார்ந்து முழுவதும் படித்தேன். அழகாக எழுதியிருந்தார். ரத்தம் இருந்தது, மணல் இருந்தது, கடலின் இரைச்சல் இருந்தது. நெஞ்சை உலுக்குகிற ஒரு பத்தியில், "நாங்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சாலைக்கு நடந்தோம்" என்று இருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் காத்திருந்தோம். நாங்கள் அழுதோம்.

"இதுல நீங்க எங்க நடந்தீங்க?" என்று கேட்டேன்.

"அது ஒரு கூட்டுத் தன்னிலை, நிர்மலா. எழுத்து உத்தி."

"நாளைக்குள்ள வீட்ட காலி பண்ணுங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. மறுநாள் அவருடைய துணிகளையும் புத்தகங்களையும் ஒரு குட்டியானை வேனில் ஏற்றி லாஸ்பேட்டைக்கு அனுப்பிய பிறகு நம்பினார். மையத்தின் பின்னறையில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டு இருக்கிறார். சொத்து சுகத்தைத் துறந்து எளிமையாக வாழ்கிறார் என்று அவருடைய மாணவர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அவரும் மறுக்கவில்லையாம்.

போன வாரம் பிரான்சிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தாள். கருத்தரங்கை நடத்துகிறவள். அவளிடம் இந்த வீட்டு எண்தான் இருந்திருக்கிறது. நான் பிரெஞ்சில் பேசியதும் சந்தோஷப்பட்டாள். உங்கள் கணவரின் கட்டுரையைப் படித்து இங்கே எல்லோரும் கண்கலங்கினோம், இப்படி ஒரு நேர்மையான மனிதரோடு வாழக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்றாள்.

மதாம், அதில் நாங்கள், நாங்கள் என்று வருகிற இடத்திலெல்லாம் ஒரு ஆளைக் கழித்துவிட்டுப் படியுங்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. யாரைக் கழிக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். அவர் அப்போது கதவின் எந்தப் பக்கத்தில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்தார் என்பதையும் சொன்னேன்.

 அந்த அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது என்றாள்.

தாராளமாக வரட்டும் மதாம், அங்கே குளிர் அதிகம், நல்ல அறையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.